பி.எச்.பி.யை விட்டுப் புறப்பட்டவர்கள்



பேசுபொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தைப் பேசுபவனிடமே விட்டுவிடுவது இந்த அறக்கட்டளையின் சம்பிரதாயம் என்று பொறுப்பாளர்கள் எனக்கு எழுதியபோது, இலக்கியத்துக்கும் சரித்திரத்துக்கும் பழகிய இம்மேடையில் கணிப்பொறித் தொழிலின் உட்பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொள்வது பொருந்துமா என்ற ஐயம் எனக்கு எழாமல் இல்லை. ஆயினும், எழுதிப் பிழைப்போர் என்றால் நிரல் எழுதிப் பிழைப்போரையும் சேர்த்தே எண்ணவேண்டிய காலம் இது என்பதையும், அவர்களில் அநேகர் தம் உத்தியோக வாழ்வில் ஒரு தடவையேனும் கைபழகிய மொழியை விட்டுப் புதிய மொழிக்குப் போகும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறார்கள் என்பதையும் எண்ணி, அந்தச் சந்தர்ப்பத்தில் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியையே இன்றைய பொருளாக வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வரும்: “பி.எச்.பி.யில் இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டேன், இப்போது பைத்தானுக்கு மாறப்போகிறேன், ஜாங்கோவா, ஃபிளாஸ்க்கா?” கேட்பவர் எதிர்பார்ப்பது ஒற்றைச் சொல் விடை. ஃபிரேம்வொர்க் என்று தொழிலில் உள்ளோர் வழங்கும் சட்டகம், எந்த இணையதளத்துக்கும் பொதுவான காரியங்களை, அதாவது வாசகர் அனுப்பும் ரிக்வெஸ்டை வாங்குவது, முகவரியைப் பார்த்து உரிய பகுதிக்கு அனுப்புவது, தரவுத்தளத்தைக் கலந்துகொள்வது, பக்கத்தைத் தொகுத்துத் திருப்பி அனுப்புவது ஆகியவற்றை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. ஒரே மொழிக்குள் இத்தகைய சட்டகங்கள் பல இருப்பதால், வேகம், வசதி, பயன்படுத்துவோர் தொகை என்று கட்டம் போட்டு ஒப்பிடும் அட்டவணைகள் கிடைக்கின்றன. அவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு சட்டகத்தைப் பற்றி முதலில் அறியவேண்டியது, அது எந்த வேலையின் நடுவே, யாருடைய அவசரத்துக்காக உண்டாயிற்று என்பது. இரண்டாவதாக அறியவேண்டியது, நீங்கள் விட்டு வரும் மொழி உங்களிடம் சொல்லாமலே உங்களுக்காக என்னென்ன செய்து வந்தது என்பது. இவ்விரண்டும் தெரிந்தபின் தேர்வு அநேகமாகத் தானே முடிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பி.எச்.பி.யின் பிறப்பையே முதலில் பார்ப்போம். 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் தாம் இட்டிருந்த சுயவிவரக் குறிப்பை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காகச் சி மொழியில் எழுதிக்கொண்ட சில சிறு கருவிகளே அதன் கரு. 1995 ஜூனில் அவற்றை அவர் பொதுவில் வெளியிட்டார். ஒரு மொழியைப் படைத்துவிட வேண்டும் என்ற சங்கற்பம் அவருக்கு அப்போது இருந்ததில்லை. எச்.டி.எம்.எல். பக்கத்தின் நடுவே நான்கு வரி நிரலைச் செருகி, கோப்பை எஃப்.டி.பி. வழியே சர்வரில் ஏற்றிவிட்டால் தளம் தயார் என்ற சௌகரியம், நூல் எதையும் படியாதவரையும் ஒரு மாலைப்பொழுதில் இணையதளம் அமைப்பவராக்கிவிட்டது. அந்தச் சௌகரியத்தை இகழ்ந்து பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன்.

ஆனால் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. இன்று புகழ்பெற்று விளங்கும் இரண்டு சட்டகங்கள், பைத்தானின் ஜாங்கோவும் ரூபியின் ரெயில்ஸும், பி.எச்.பி.யை விட்டுப் புறப்பட்டவர்களாலேயே உண்டாக்கப்பட்டவை. அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக நகரில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்றொரு நாளிதழ். அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் 2003ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் பி.எச்.பி.யைக் கைவிட்டுப் பைத்தானில் எழுதத் தொடங்கினர். அப்போது பைத்தானில் சட்டகங்களுக்குப் பஞ்சமில்லை. ஸோப், குயிக்ஸோட், வெப்வேர், ட்விஸ்டட் வெப் என்று பல இருந்தன. இவற்றின் பெருக்கமே புதியவருக்கு இடையூறாகிறது, ஒரு சட்டகத்தைத் தேர்ந்தால் அதற்கு இசைந்த சர்வரையும் தேர்ந்தே தீரவேண்டியிருக்கிறது என்ற குறையைத் தீர்க்கத்தான் அதே ஆண்டு டிசம்பரில் விஸ்கி எனப்படும் பொது இடைமுகத்துக்கான முன்மொழிவு, பெப் 333 என்ற எண்ணோடு, எழுதப்பட்டது. லாரன்ஸ் நகரத்தார் இருந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அடங்கிவிடவில்லை. பத்திரிகை அலுவலகத்தின் கெடு அவர்களை விரட்டியது. காலையில் ஆசிரியர் கேட்ட பகுதி மாலைக்குள் தளத்தில் ஏறியாக வேண்டும். ஒரு தளத்துக்கு எழுதியதை அடுத்த தளத்துக்கும் எடுத்து ஆளும் பழக்கத்தில், எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி தனியே பிரிந்து வந்தது. 2005 ஜூலையில் அதைப் பொதுவில் வெளியிட்டபோது, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் வித்வானின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

இந்தப் பிறப்பு வரலாறு வெறும் சுவைக்காகச் சொல்லப்படுவதன்று. ஜாங்கோவைக் கையாளத் தொடங்கிய எவரும் முதல் நாளிலேயே வியந்து பார்ப்பது அதன் அட்மின் பகுதி. உங்கள் தரவின் அமைப்பை ஒரு முறை எழுதிவிட்டால், அதைப் பதிவு செய்யவும் திருத்தவும் தேடவும் வேண்டிய படிவங்களை அதுவே அமைத்துக் கொடுத்துவிடுகிறது. ஏன்? நிரல் அறியாத உதவியாசிரியர்களும் நிருபர்களும் தினந்தோறும் செய்தியை ஏற்றவேண்டிய ஓர் அலுவலகத்தில், அத்தகைய பகுதி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஆகவே, உங்கள் தளத்திலும் அலுவலக ஊழியர் சிலர் உட்கார்ந்து தகவல்களைப் பதிவதும் திருத்துவதுமே பெரும்பகுதி வேலை என்றால், கல்லூரிச் சேர்க்கையாயினும் மருந்துக்கடைக் கணக்காயினும், ஜாங்கோ உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும். அப்படியல்லாமல் உங்கள் நிரலுக்குப் பார்வையாளர் மனிதரே அல்லர், கைப்பேசிச் செயலிகளே வந்து தரவைக் கேட்டுக்கொண்டு போகின்றன என்றால், ஜாங்கோவின் அந்தப் பெருஞ்செல்வத்தில் பாதி உங்களுக்குப் பயன்படாமல் கிடக்கும். 2018இல் வெளிவந்த ஃபாஸ்ட்-ஏபிஐ போன்ற ஒன்று அங்கே பொருத்தமாகும்.

ரெயில்ஸின் கதையும் இதற்கு இணையானதே. டேவிட் ஹைனமையர் ஹான்சன் என்ற டென்மார்க் தேசத்து இளைஞர், சிகாகோவிலுள்ள 37சிக்னல்ஸ் என்னும் சிறு நிறுவனத்துக்காகப் பேஸ்கேம்ப் என்ற திட்ட நிர்வாகத் தளத்தை எழுதும் பொறுப்பை ஏற்றபோது, அதுவரை தாம் பழகியிருந்த பி.எச்.பி.யை விட்டு, ஜப்பானில் யுகிஹிரோ மாட்சுமோட்டோ படைத்த ரூபியைத் தேர்ந்தார். 2004இல் பேஸ்கேம்ப் வெளிவந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த சட்டகத்தை அதே ஆண்டு ஜூலையில் அவர் வெளியிட்டார். சிறு குழு, புதிய தரவுத்தளம், யாரையும் கேளாமல் தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த இடத்தில் பிறந்ததால்தான், டேபிளின் பெயர் பன்மையில் இருக்கும், அதன் முதன்மைச் சாவியின் பெயர் ஐடி என்றே இருக்கும் என்பன போன்ற வழக்கங்களை அது சட்டமாகவே கொண்டது. அந்த வழக்கங்களுக்கு இணங்கி நடப்பவருக்கு அது தரும் வேகம் அபாரமானது. இணங்க இயலாதவர், உதாரணமாக, பதினைந்து வருஷங்களாக வெவ்வேறு கைகள் வளர்த்த தரவுத்தளம் ஒன்றைச் சுமந்துகொண்டு வருபவர், ஒவ்வொரு டேபிளுக்கும் விலக்கு எழுதியே சோர்ந்துபோவார்.

அப்படிச் சோர்ந்து திரும்பியவர் ஒருவரின் அனுபவம் இத்துறையில் பிரசித்தம். சுயேச்சையான இசைக்கலைஞர்களின் இசைத்தட்டுகளை விற்ற சிடி பேபி என்னும் அமெரிக்கத் தளத்தின் ஸ்தாபகரான டெரிக் சிவர்ஸ், தாமே பி.எச்.பி.யில் எழுதி வளர்த்த தளத்தை ரெயில்ஸில் மாற்றி எழுதத் தீர்மானித்து, ரெயில்ஸின் மூலக் குழுவைச் சேர்ந்த நிபுணர் ஒருவரையே அமர்த்திக்கொண்டு 2005இல் வேலையைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் சென்றும் வேலை முடியவில்லை. முடிவில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பழைய பி.எச்.பி.யிலேயே புதிதாக உட்கார்ந்து இரண்டு மாதத்தில் முடித்தார். 2007 செப்டம்பரில் இதை அவரே எழுதி வெளியிட்டபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் கொஞ்சமல்ல. ரெயில்ஸின் அன்பர்கள் அவரைக் கடிந்தார்கள், பி.எச்.பி.யின் அன்பர்கள் கொண்டாடினார்கள். இரு சாராரும் அவர் சொன்ன காரணங்களை நிதானமாகப் படித்ததாகத் தெரியவில்லை. அவர் நிறுவனத்தின் உள்வேலைகளுக்கான நிரல்கள் அனைத்தும் அதே தரவுத்தளத்தை நம்பிப் பி.எச்.பி.யில் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை விட்டுத் தளத்தை மட்டும் பெயர்ப்பது இயலாததாயிற்று. எஸ்.க்யூ.எல். எழுதுவது அவருக்குப் பிரியமான வேலை. ரெயில்ஸோ அந்த வேலையைப் பெரும்பாலும் தன் கையில் எடுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. இவை மொழியின் குறைகளுமல்ல, சட்டகத்தின் குறைகளுமல்ல. பேஸ்கேம்ப் இருந்த நிலை வேறு, சிடி பேபி இருந்த நிலை வேறு, அவ்வளவே. மேலும், ரெயில்ஸில் கழித்த இரண்டு ஆண்டுகளில் தாம் கற்ற ஒழுங்குகளைக் கொண்டே பி.எச்.பி.யில் திரும்ப எழுதினேன் என்று அவர் ஒப்புக்கொண்டதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி, பழைய மொழி மௌனமாகச் செய்துவந்த உபகாரங்களுக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் சற்று அதிக நேரம் செலவிடுவதற்கு அனுமதி வேண்டும். மொழி மாறுவோர் படும் இன்னல்களில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

பி.எச்.பி.யில் எழுதிய நிரல் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகப் பிறந்து, பக்கத்தை அனுப்பிவைத்தவுடன் தன் நினைவிலிருந்த எல்லாவற்றையும் உதறிவிட்டு மறைகிறது. நீங்கள் எத்தனை பொதுமாறிகளை எங்கெங்கே வைத்திருந்தாலும், அடுத்தவர் வரும்போது ஒன்றும் மிஞ்சியிராது. இது ஒரு பாதுகாப்பு என்று பி.எச்.பி. எழுதுவோருக்குத் தோன்றுவதே இல்லை. காரணம், அது இல்லாத நிலையை அவர்கள் கண்டதில்லை. பைத்தானிலோ நோடிலோ ஜாவாவிலோ நிரல் சர்வரில் ஒரு முறை எழுந்தால், நிறுத்தும்வரை உயிரோடு இருந்து, வருவோர் எல்லாருக்கும் தானே பதில் சொல்கிறது. இப்போது, பழைய பழக்கத்தில் ஒருவர் கோப்பின் தலைப்பிலேயே ஒரு மாறியை வைத்து, உள்ளே நுழைந்த வாடிக்கையாளரின் பெயரை அதில் எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். முதலில் நுழைந்தவருக்கு வணக்கம் சரியாகவே வரும். அவருக்குப் பின் நுழைந்தவர் தம் பெயரை எழுதிவிட்டபின், முதலாமவர் தம் பக்கத்தை மறுபடி திறந்தால் இரண்டாமவரின் பெயர் அவரை வரவேற்கும். பெயரோடு நில்லாமல் கூடையிலுள்ள சரக்கும் விலாசமும் அவ்வாறே இடம் மாறித் தோன்றுமானால் விபரீதம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. எழுதியவரின் சோதனையில் இது தென்படுவதும் இல்லை, ஏனெனில் சோதிக்கும்போது தளத்தில் இருப்பவர் அவர் ஒருவரே. இந்தப் பிழையை ஜாங்கோவும் தடுக்காது, ஃபிளாஸ்க்கும் தடுக்காது. சட்டகத்துக்கு அடியில் கிடக்கும் மொழியின் இயல்பை அறிந்தவர் மட்டுமே தவிர்த்துக்கொள்ள இயலும்.

சிறு உபகாரங்களும் உண்டு. பி.எச்.பி. ஓடும் சர்வர், படங்களையும் சி.எஸ்.எஸ். கோப்புகளையும் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடும். ஜாங்கோவில் தளத்தை எழுதி முடித்து, டீபக் நிலையை அணைத்து, உண்மையான சர்வரில் ஏற்றியவுடன், பக்கம் முழுவதும் வர்ணமும் அலங்காரமும் இழந்து வெறும் எழுத்தாக நிற்பதைக் கண்டு திடுக்கிடாத புதியவர் அரிது. அந்நிலையில் அத்தகைய கோப்புகளைக் கொடுப்பது தன் வேலை அல்ல என்று ஜாங்கோ ஒதுங்கிக்கொள்கிறது; கலெக்ட்ஸ்டாடிக் என்ற ஆணையால் அவற்றை ஓரிடத்தில் திரட்டி, என்ஜின்எக்ஸ் போன்ற சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். எதிர்த்திசையில், பி.எச்.பி. செய்யாததைச் சட்டகம் செய்வதும் உண்டு. வாசகர் எழுதி அனுப்பியதைப் பி.எச்.பி.யின் எக்கோ அப்படியே பக்கத்தில் கொட்டும். அதில் தீய நிரல் ஒளிந்திருந்தால் அதையும் கொட்டும். ஜாங்கோவின் வார்ப்புருக்கள் அத்தகைய குறிகளைத் தாமே செயலிழக்கச் செய்கின்றன. பிற தளத்திலிருந்து திருட்டுத்தனமாக அனுப்பப்படும் படிவத்தையும் ஜாங்கோ இயல்பாகவே தடுக்கிறது; ஃபிளாஸ்க்கில் அதற்கு வேறொரு தொகுப்பை நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும்.

நம் எழுத்தின் விஷயத்தில் மொழிக்கு மொழி உள்ள வித்தியாசம் இன்னும் சுவையானது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பி.எச்.பி.யின் ஸ்டிர்லென்னைக் கேட்டால் பதினைந்து என்னும், யூ.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 அதே சொல்லை ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது. எலிக்ஸிர் என்ற மொழி மூன்று என்னும். பள்ளிப் பிள்ளையும் அவ்வாறே எண்ணும். ஆகவே, செய்தித் தலைப்பை நாற்பது எழுத்தோடு வெட்டிக் காட்டு என்ற கட்டளையைப் பி.எச்.பி.யில் கவனமின்றி எழுதியவருக்குக் கடைசியில் கேள்விக்குறி அடைத்த ஒரு கட்டம் விழுந்திருக்கும். பைத்தானுக்கு வந்தபின் அந்தக் கட்டம் மறைந்துவிட்டதே என்று மகிழ்ந்திருக்கையில், கடைசி எழுத்தின் புள்ளியோ கொக்கியோ மட்டும் உதிர்ந்து வேறொரு சொல் நிற்கும். பின்னது முன்னதைவிட அபாயமானது, ஏனெனில் பிழை என்று கண்ணில் படாது. பி.எச்.பி.யின் ஆறாம் பதிப்பு யூனிகோடை அடிப்படையாகக் கொண்டே வரவிருந்ததும், அந்த முயற்சி 2010இல் கைவிடப்பட்டு, அந்த எண்ணையே தாண்டி 2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பு வந்ததும் அதன் சரித்திரத்தில் ஒரு பெரிய இடைவெளி.

இவற்றைக் கருதியே, புதிய மொழிக்கு வருவோர் எந்தச் சட்டகத்தையும் தொடுமுன் அம்மொழியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறு தளத்தை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது. பைத்தானில் விஸ்கி இடைமுகத்தை நேரே கையாண்டு, ஒரு படிவத்தை வாங்கி, ஒரு வரியைத் தரவுத்தளத்தில் எழுதித் திருப்பிக் காட்டும் நிரல் நூறு வரிக்குள் முடிந்துவிடும். அதற்குள் குக்கீ எப்படி வருகிறது, நிரல் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது, கோப்பைத் திருத்தினால் ஏன் பக்கம் மாறவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். கோ மொழியில் இந்தப் பயிற்சியோடே நின்றுவிடுவோரும் பலர். அதன் மூல நூலகத்திலேயே இணைய சர்வர் அடங்கியிருக்கிறது. முகவரியைப் பகுத்தனுப்பும் வசதி அதில் குறைவு என்று பலர் கொரில்லா போன்ற வெளித்தொகுப்புகளை நாடியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் அந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்தது. கோவுக்குப் போகிறவர் ஜாங்கோவுக்கு நிகரானது எது என்று அங்கே கேட்டால், பழகியவர்கள் அவரைச் சற்று வினோதமாகத்தான் பார்ப்பார்கள்.

நிகரானது எது என்று கேட்பதே தவறான தொடக்கம் என்பது என் துணிபு. பழைய சட்டகத்தைப் போலவே ஒன்றைப் புதிய மொழியில் செய்துவைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ரெயில்ஸைப் பார்த்துப் பி.எச்.பி.யில் கேக்-பி.எச்.பி. வந்தது, க்ரூவி மொழியில் க்ரெயில்ஸ் வந்தது, பி.எச்.பி.யின் லாரவெல் கீர்த்தி பெற்றபின், அதைப் பார்த்து நோடில் அடோனிஸும் பைத்தானில் மேசனைட்டும் வந்தன. இவற்றைச் செய்தவர்களின் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாரவெலிலிருந்து வருபவர் மேசனைட்டைத் தேர்ந்தால், முதல் வாரத்தில் பெறும் ஆறுதலுக்குப் பின்னர், ஐயம் கேட்க ஆளில்லாமல், அம்மொழிக்காரர்களின் நூல்களும் தொகுப்புகளும் வேறொரு சட்டகத்தையே பேசிக்கொண்டிருக்க, உதவிக்குச் சேர்க்கும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தாமே ஆசிரியராகும் நிலைக்கு வருகிறார். ரெயில்ஸின் மூலக் குழுவில் இருந்த ஹோசே வாலிம் எலிக்ஸிரைப் படைத்தார்; அம்மொழியின் ஃபீனிக்ஸ் சட்டகம் ஆரம்பத்தில் ரெயில்ஸின் சாயலையே கொண்டிருந்தது. 2017இல் வந்த அதன் 1.3 பதிப்பு, மாடல்கள் என்ற பழைய அடைவையே நீக்கிவிட்டு, எலிக்ஸிருக்கு இயல்பான வேறு பிரிவினையை மேற்கொண்டது. தாமே உண்டாக்கிய சாயலைத் தாமே விட்டவர்கள் அவர்கள்.

ஃபிளாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரியரான ஆர்மின் ரோனாக்கர் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கிய சட்டகம் என்று வேடிக்கையாக ஒன்றை வெளியிட, ஜனங்கள் அதை மெய்யாகவே விரும்பியதைக் கண்டு, பின்னர் கருத்தோடு செய்ததே அது. தரவுத்தளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இதனால் பலர் எஸ்.க்யூ.எல்.-ஆல்கெமியை அதனோடு இணைத்துக்கொள்கிறார்கள். இது எளிமை என்று புதியவர் நம்புகிறார். என் அனுபவத்தில், ஆறு மாதம் கழித்து அவர் உள்நுழைவு, அனுமதி, படிவம், மைக்ரேஷன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஜாங்கோவைக் காட்டிலும் குறைந்த ஒழுங்குடைய ஜாங்கோ ஒன்றைத் தாமே உண்டாக்கி நிற்கிறார். சிடி பேபிக்காரரைப் போல எஸ்.க்யூ.எல்.லில் பிரியமும், ஒழுங்கற்ற பழைய தரவுத்தளமும் உடையவர்களுக்கே ஃபிளாஸ்க்கை நான் மனமாரச் சொல்வேன்.

தரவுத்தளம் என்றதும் நினைவுக்கு வருகிறது: மொழியும் சட்டகமும் மாறினாலும் மாறாமல் கூடவே வருவது அதுதான். ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி என்றோர் ஆணை உண்டு. பழைய டேபிள்களைப் படித்து, அவற்றுக்குரிய பைத்தான் வகுப்புகளை எழுதிக் கொடுத்துவிடும். அவற்றின் அமைப்பில் ஜாங்கோ கை வைக்கலாகாது என்ற குறிப்பையும் உடன் எழுதிவிடும். ஆனால் இரண்டு மூன்று புலங்களைச் சேர்த்து முதன்மைச் சாவியாக வைத்த டேபிள்கள், பழைய கணக்குத் தளங்களில் ஏராளம். அவற்றை ஜாங்கோ உள்ளபடி ஏற்றுக்கொண்டது 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில்தான், அப்போதும் அட்மின் பகுதி அவற்றை ஏற்கவில்லை. கடவுச்சொல் இன்னொரு சங்கடம். பழைய தளம் சேமித்துவைத்த சுருக்கக் குறிகளைப் புதிய தளம் அறிந்தாக வேண்டும். பதினாயிரம் வாடிக்கையாளரையும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று கேட்க எந்த வியாபாரியும் சம்மதியார். ஜாங்கோவில் பல சுருக்க முறைகளை வரிசையாக எழுதிவைக்கலாம். பழைய முறையில் பதிவான ஒருவர் சரியான கடவுச்சொல்லோடு நுழையும் கணத்தில், அதை முதலிலுள்ள முறைக்கு அது தானே மாற்றி எழுதிக்கொள்கிறது. சட்டகத்தைத் தேர்வோர் வேக அட்டவணையில் பார்க்காத, ஆனால் மாறுகிற வாரத்தில் உயிர்நாடியாகும் விஷயம் இதுவே.

மாற்றத்தையும் ஒரே இரவில் செய்ய முயலவேண்டியதில்லை. பனைமரத்தின் மட்டையிடுக்கில் விழுந்த ஆலம்விதை, மரம் காய்த்துக்கொண்டிருக்கும்போதே விழுது இறக்கிச் சுற்றி வளர்வதை நம் ஊர்ப்புறங்களில் காண்கிறோம். குவீன்ஸ்லாந்துக் காடுகளில் இதற்கு ஒப்பான அத்திமரங்களைக் கண்ட மென்பொருள் நிபுணர் மார்ட்டின் ஃபௌலர், 2004இல் பழைய நிரலைப் புதியதால் மெல்ல மெல்லச் சூழும் முறைக்கு அம்மரத்தின் பெயரையே வைத்தார். என்ஜின்எக்ஸை முன்னே நிறுத்தி, பொருள் பட்டியல் பக்கங்கள் மட்டும் புதிய ஜாங்கோவுக்கு, மற்றெல்லா முகவரிகளும் பழைய பி.எச்.பி.க்கு என்று பிரித்துவிட்டால் போதும். இரண்டுக்கும் பொதுவான ஒரே தடை, உள்நுழைந்தவர் யார் என்பதைக் காக்கும் செஷன்; பி.எச்.பி. எழுதிவைத்த செஷன் கோப்பைப் பைத்தான் அறியாது. அதைத் தரவுத்தளத்துக்கோ ரெடிஸுக்கோ, இரண்டு மொழியும் படிக்கும் ஜேசன் வடிவில், முதலிலேயே நகர்த்திவிட்டுத்தான் முதல் பக்கத்தைப் பெயர்க்க வேண்டும்.

தேர்ந்த சட்டகத்தைப் பின்னர்ப் பதிப்புக்குப் பதிப்பு உயர்த்திக்கொண்டு போவதற்கான செலவையும் தேர்வின்போதே கணக்கில் வைக்கவேண்டும். ஜாவாவின் ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தில் இருந்த ஒரு துவாரத்துக்கு 2017 மார்ச்சிலேயே மருந்து வெளிவந்திருந்தும், அதை இடாமல் விட்ட எக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் அவ்வாண்டு மே மாதம் தொடங்கி நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் அந்தரங்க விவரங்கள் பறிபோயின. ஜாங்கோ இந்த விஷயத்தில் முன்கூட்டியே தேதி சொல்லிவிடும் பழக்கமுடையது. நீண்ட ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு ஆதரவு உண்டு. வரவுசெலவுத் திட்டம் போடும் நிர்வாகியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் மூன்றாம் ஆண்டில் அவர் உங்களையே கேட்பார்.

இறுதியாக, பெயர்க்க வேண்டாதவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவு பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடிக்கும் கிரான் நிரல், மாதம் ஒரு முறை ரசீதுகளை அச்சிடும் நிரல் போன்றவை, வெளியாட்கள் யாரும் தொடாத இடத்தில், பி.எச்.பி.யிலேயே கிடந்துவிட்டால் குற்றமில்லை. ஆதரவுள்ள பதிப்பில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அவற்றையும் பைத்தானுக்கு மாற்றிவிட வேண்டும் என்று துடிப்பவர்கள், அந்த உற்சாகத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு, அந்நிரல்கள் எந்தெந்த டேபிளைத் தொடுகின்றன என்பதை எழுதி, ஜாங்கோவின் மைக்ரேஷன் கோப்புகள் இருக்கும் அடைவிலேயே வைத்துவிட்டால், பின்னால் வருகிற ஒருவர் ஒரு புலத்தின் பெயரை மாற்றப்போகும்போது, நள்ளிரவில் வேறொரு மொழியில் ஓடும் நிரலொன்று அதை நம்பியிருக்கிறது என்பது அவருக்குப் பகலிலேயே தெரிந்துவிடும்.